திரைமேல் வைத்த கை

கணினித் திரையில் பிழைச் செய்தி ஏதாவது வந்தவுடன் அவருடைய வலது உள்ளங்கை அதன்மேல் போய் உட்கார்ந்துவிடும். பேருந்தில் எதிரே இருப்பவரின் சட்டைப் பொத்தான் கழன்றிருப்பதைப் பார்த்துவிட்டவருக்கு வருமே ஒரு கூச்சம், அது அந்தக் கையில் இருக்கும். இடது கை மவுஸைப் பிடித்து, அந்தச் செய்திப் பெட்டியை மூடும் பொத்தானைத் தேடும். பெட்டி மறைந்த பிறகுதான் வலது கை இறங்கும். என்ன செய்தி வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

யாராவது அறைக் கதவைத் திறந்தால் மானிட்டரையே அணைத்துவிடுவார்.

"என்னவே, இருட்டுல உக்காந்து ஜெபம் பண்ணுதீரா?"

"ஒண்ணுமில்ல சார். அப்டேட் ஓடுது."

தாமிரபரணிக்கு அருகில் இருந்த ஒரு சுயநிதிக் கல்லூரியில் அவர் கணினி ஆய்வகப் பொறுப்பாளர். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வேலை. நான் அங்கே வரலாறு எடுத்தேன். கல்லூரி ஆண்டு மலரில் 'நடந்தவை' என்ற பகுதியை எழுதுவதும் நான்தான். எந்தக் கட்டடம் எப்போது திறக்கப்பட்டது, எந்த முதல்வர் எந்த ஆவணியில் வந்தார் என்பதையெல்லாம் என்னிடம் கேட்டுத்தான் அலுவலகத்திலேயே எழுதுவார்கள். அதனால் இதையும் தேதியோடு சொல்லிவிடுகிறேன். நான் சொல்லவரும் செய்முறைத் தேர்வு நடந்தது, இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் மார்கழி பிறந்தபோது வந்த பெருவெள்ளத்துக்கு அடுத்த தை மாதம், கடைசி வாரத்தில்.

"அப்டேட் ஓடுது" என்பது எங்கள் ஆசிரியர் அறையின் சொத்தாகிவிட்டது. கேன்டீனில் சாம்பார் வரத் தாமதமானால் வணிகவியல் பிச்சையா சார், "பொறுங்கவே, அப்டேட் ஓடுது" என்பார். கூட்டத்தில் முதல்வர் பேச்சை மறந்து காகிதத்தைப் புரட்டினால் யாராவது ஒருவர் மெல்லிய குரலில் அதைச் சொல்ல, பின்வரிசை குலுங்கும். அவரும் கூடச் சிரிப்பார். சிரிக்கும்போதும் அந்த வலது கை மேலே எழுந்து வாயை மூடிக்கொள்ளும்.

திரையோடு அது நிற்கவில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடியை முழுதாகத் திறந்து அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுபோய் இரண்டு மைல் தள்ளிக்கொண்டு வந்திருப்பார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். "என்ன ஆச்சு?" என்றால், "சும்மா சார், நடந்தா உடம்புக்கு நல்லதுன்னுட்டு."

வெள்ளத்துக்கு முந்தைய ஐப்பசியில், கந்த சஷ்டி தொடங்கிய வாரம், அவர் கொஞ்ச நாள் விடுப்பில் போய்விட்டு மொட்டைத் தலையோடு திரும்பினார். மீசையும் இல்லை. பிச்சையா சார் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"ஏ, திருச்செந்தூரா! எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம போயிட்டு வந்துட்டீரே வே. பிரசாதம் எங்க?"

அவர் ஒரு கணம் நின்றார். "ஆமா சார், திருச்செந்தூர்தான். வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். நாளைக்குக் கொண்டாறேன்."

மறுநாள் கொண்டுவந்தார். பன்னீர் இலையில் மடித்த விபூதி. அறையில் இருந்த எல்லோருக்கும் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார். நான் நெற்றியில் பூசிக்கொண்டு பாடம் எடுக்கப் போனேன்.

அவர் முக்கூடல்காரர். அம்மா பீடி சுற்றிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். ஒருமுறை கல்லூரிப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது, நான் ஏதோ பழைய கல்வெட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் எழுத்தை விட்டுவிட்ட கல்தச்சன் அதை வரிக்குக் கீழே சின்னதாகக் கொத்திச் சேர்த்திருக்கிறான். அவனுடைய கவனப் பிசகு இத்தனை நூற்றாண்டாக வெயிலில் நிற்கிறது என்றேன். அவருக்கு அது பயங்கரமாக இருந்தது.

"அய்யய்யோ. எல்லாரும் பாக்க அப்படியேவா இருக்கு?"

பிறகு அவராகவே சொன்னார்.

"பீடிக் கடையில செக்கர் உக்காந்திருப்பாரு சார். கட்டப் பிரிச்சுப் பாத்து, சரியில்லாதத எல்லாரு முன்னாடியும் ஒடிச்சு ஒடிச்சுப் போடுவாரு. அன்னைக்கு முழுக்க எங்கம்மா பேசமாட்டாவ. அதனால நான் கூடப் போறப்ப, தட்ட நான் தூக்குதேன்னு வாங்கிக்கிட்டுப் பின்னாடியே நடப்பேன். போற வழியிலயே நோண்டிப் பாத்து, மோசமானதப் பொறுக்கி ஆத்துல போட்டுருவேன்."

"எண்ணிக்கை குறையுமே?"

"குறையும். குறைஞ்சா வீட்டுல அடி விழும். அது வீட்டோட போயிரும்லா சார்."

வெள்ளம் வந்தபோது ஆய்வகம் தரைத்தளத்தில் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் சன்னல் வழியாக ஏறி, மேசைகளை மிதக்கவிட்டு, இறங்கும்போது எல்லா கம்ப்யூட்டர்களுக்குள்ளும் வண்டலை விட்டுவிட்டுப் போனது. மாடியில் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த சர்வர் மட்டும் பிழைத்தது. வடக்கே எங்கோ ஒரு நிறுவனம் கழித்துப்போட்ட பழைய மெஷின்களை நன்கொடையாக வாங்கி மாடி அறையில் வரிசையாக வைத்தார்கள். அவற்றில் விண்டோஸ் உட்கார்ந்த பிறகு ஒரு கைக்குட்டை விரிக்கவும் இடமில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழியில் செய்முறைத் தேர்வு. வெள்ளத்தால் தள்ளித் தள்ளிப் போன தேர்வு. அதற்குமேல் தள்ளினால் அந்த வகுப்பின் தேர்ச்சி முடிவே நிறுத்திவைக்கப்படும் என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. சிலருக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. மேலப்பாளையத்திலிருந்து வந்த ஆயிஷா என்ற பெண்ணுக்குச் சென்னையில் வேலை. தேர்ச்சிச் சான்று காட்டினால்தான் சேரலாம்.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பைத்தானை ஒவ்வொரு மெஷினிலும் ஏற்றாமல், சர்வரில் பொதுவான ஓர் இடத்தில் ஒரே முறை ஏற்றிவிடுவது. எல்லா மெஷினுக்கும் அந்த இடம் 'இசட் டிரைவ்' என்ற பெயரில் தெரியும். திறந்தால் எல்லோரும் ஒரே பைத்தானைப் பயன்படுத்தலாம். நல்ல யோசனைதான். முதல்வர் தட்டிக்கொடுத்தார்.

அங்கேதான் அவருக்குச் சனி பிடித்தது. மெஷினைத் திறந்து பார்த்தால் இசட் டிரைவ் இருக்கிறது. பைத்தானை ஏற்றுவதற்காக, முழு அதிகாரமும் கொண்ட அட்மினிஸ்ட்ரேட்டராக உள்ளே போனால் இசட் இல்லை. அப்படி ஒரு டிரைவே கிடையாது என்கிறது. வெளியே வந்தால் மறுபடியும் இருக்கிறது. இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்த வாரம் முழுக்க நான் கண்டது, அணைந்த மானிட்டரின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளைத்தான்.

"எப்படிவே போகுது?"

"பைய நடக்குது சார். அப்டேட் ஓடுது."

கணினித் துறையில் நான்கு ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை. தான் எதையோ கெடுத்துவிட்டோம், சர்வரில் தொடக்கூடாத எதையோ தொட்டுவிட்டோம், கேட்டால் அது வெளியே வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். கடைசியில் அட்மினிஸ்ட்ரேட்டரை விட்டுவிட்டு, தன்னுடைய சொந்த லாகினில் நுழைந்து, அதில் ஏற்றிப் பார்த்தார். ஏறிவிட்டது. ஒவ்வொரு மெஷினாகப் போய்த் தன் லாகினில் இசட் டிரைவை இணைத்துச் சோதித்தார். எல்லாவற்றிலும் பைத்தான் ஓடியது. இசட் ஏன் நடுவில் காணாமல் போனது என்ற கேள்வியை ஆற்றில் போட்டுவிட்டார்.

தேர்வு நாளன்று வருகைப் பதிவுக்கு என்னைப் போட்டிருந்தார்கள். வெளித்தேர்வாளர் சாத்தான்குளம் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்திருந்தார். ஜெசிந்தா மேடம். ஐம்பது வயதிருக்கும்; மூக்கு நுனியில் கண்ணாடி. வினாத்தாள் கொடுத்தாயிற்று. மாணவர்கள் தேர்வுக்கென்று புதிதாக உருவாக்கிய லாகினில் உள்ளே நுழைந்தார்கள். பைத்தானைத் திறந்தார்கள். முதல் வரிசையில் ஒருவன் தலையைத் திருப்பினான். இரண்டாவது வரிசையில் இருவர். பிறகு எல்லோருமே.

அவர் எழுந்து முதல் மெஷினுக்குப் போனார். மானிட்டரை அணைத்தார். "அப்டேட் ஓடுது. பத்து நிமிஷம்" என்றார். அடுத்த மெஷினுக்குப் போனார். அணைத்தார். "அப்டேட் ஓடுது." அடுத்தது. வரிசை வரிசையாகத் திரைகள் இருண்டுகொண்டே வந்தன. மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, பார்த்துச் சலித்த பெயர்களை மறுபடியும் சரிபார்ப்பவன் போல நின்றேன்.

மூன்றாவது வரிசையில் ஆயிஷா உட்கார்ந்திருந்தாள். அவர் அவளுடைய மெஷினை அடைந்தபோது அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் திரையை மூடியிருந்தாள்.

"யா அல்லா, நான் ஒண்ணும் செய்யல சார். என்னமோ தொட்டுட்டேன் போல. தானா வந்துட்டு. மேடத்துட்ட சொல்லிராதீங்க சார்."

அவர் அப்படியே நின்றார்.

"அப்டேட்தான சார்?" என்று அவள் கேட்டாள். கையை எடுக்கவில்லை.

அவர் அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையை வெளியிலிருந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். முகம் கறுத்துவிட்டது. வலது கை மெல்ல எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் நின்று, இறங்கியது.

"இல்லம்மா," என்றார். "அப்டேட் இல்ல. நீ ஒண்ணும் செய்யல. கைய எடு."

அவள் எடுத்தாள். அவர் மேசைக்குக் கீழே குனிந்து புரொஜெக்டர் ஒயரை இழுத்துவந்து அந்த மெஷினில் செருகினார். எதிர்ச் சுவர் முழுக்க, ஆள் உயரத்துக்கு, அந்தப் பிழைச் செய்தி எழுந்து நின்றது. ஆங்கிலத்தை அவர் ஒவ்வொரு சொல்லாகத் தடுக்கித் தடுக்கிப் படித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"குறிப்பிட்ட டிரைவக் கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லுது. இசட் டிரைவ். என் லாகின்ல இருக்கு. இங்கன இல்ல. ஏன்னு எனக்குத் தெரியல. ஒரு வாரமாத் தெரியல. நான் யார்ட்டயும் கேக்கல. அப்டேட்டுன்னு சொன்னதெல்லாம் பொய்."

சுவரில் இருந்த வெளிச்சம் அவர் சட்டையில் பாதி விழுந்திருந்தது. எழுத்துகள் அவர் மார்பின் மேலேயே ஓடின.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து சுவரின் பக்கத்தில் போய், பிழைச் செய்தியை ஒரு பழைய பகையாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இதுவா," என்றார். "எங்க காலேஜ்லயும் இதேதான் சார். நான் கரண்டு கோளாறுன்னு போர்டு மாட்டி, லேபப் பூட்டி வச்சிட்டுல்லா உக்காந்திருந்தேன்."

பின்வரிசையில் ஒரு பையன் சிரித்துவிட்டான். மேடமும் சிரித்தார்.

"இசட்டுங்கது வீட்டுல கூப்பிடுத பேரு சார். உங்க லாகின்ல நீங்க வச்ச பேரு. உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். பிள்ளைங்க லாகின்ல போயி அங்கனயும் தனியா வச்சுக் குடுக்கணும். இல்லன்னா இசட்டுன்னா யாருன்னு அது கேக்கத்தான் செய்யும்."

"அப்ப அட்மினிஸ்ட்ரேட்டரு?"

"அட்மினிஸ்ட்ரேட்டரும் வேத்தாளுதான்."

அவர் கேட்டார்: "அப்ப நான் எதையும் கெடுக்கலையா மேடம்?"

"நீங்க எங்க சார் கெடுத்திய? வாங்க, அந்த வரிசைய நான் பாக்கேன், இத நீங்க பாருங்க."

இருவரும் மெஷின் மெஷினாகப் போய் இணைத்தார்கள். அணைந்திருந்த திரைகள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. கடைசி மெஷின் முடிவதற்குள் ஆயிஷா தன் முதல் நிரலை எழுதி ஓட்டிவிட்டிருந்தாள்.

தேர்வு முடிந்து மேடத்தைப் பேருந்து ஏற்றிவிட இருவருமாகப் போனோம். கல்லூரி வாசலில் ஒருவர் சைக்கிளில் பதநீர்க் குடத்தோடு நின்றார். "எங்க ஊருப் பக்கத்துச் சரக்குல்லா, நான் வாங்கித் தாறேன்" என்று மேடம் பிடிவாதமாக நிறுத்திவிட்டார். ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடித்தோம். பேருந்து வந்து மேடம் ஏறிப் போனபிறகு, அவர் காலிப் பட்டையைக் கையில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார்.

"சார், இன்னொண்ணையும் சொல்லிருதேன். ஐப்பசியில நான் திருச்செந்தூர் போகல. எங்கப்பா தவறிட்டாவ."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பட்டையில் மிச்சமிருந்ததைக் குடிக்க முடியவில்லை.

"ஏன்வே சொல்லல?"

"எப்படி சார் சொல்ல? எல்லாரும் சிரிச்சுக்கிட்டுல்லா கேட்டிய."

"அப்ப அந்த விபூதி?"

"பஸ் ஸ்டாண்டுல நின்னேன். திருச்செந்தூர் பஸ்லருந்து எறங்கின ஒரு அம்மாட்ட, வீட்டுல ஒருத்தருக்கு வேணும்னு கேட்டேன். அவ்வோ பாவம், வச்சிருந்ததெல்லாம் குடுத்துட்டாவ."

அந்த அம்மாள் யாருக்காகக் கொண்டுவந்தாளோ, அதை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிப் பூசிக்கொண்டோம். பிச்சையா சார் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தகப்பனைப் பறிகொடுத்தவன் முன்னால் கையை நீட்டிப் பிரசாதம் கேட்ட அறை அது. அந்த அறைக்கு அவர் எதையும் காட்டாமல் மூடி வைத்ததில் எனக்கு இப்போது வியப்பில்லை. வெட்கம்தான் இருக்கிறது.

முதல்வர் மறுநாள் அவரை அழைத்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"வெளியாளு முன்னாடி செவுத்துல படம் போட்டுக் காட்டி, காலேஜ் மானத்த வாங்கிட்டீரே வே. பத்து நிமிஷம் பொறுத்தா என்ன, செத்தா போவோம்?"

"பத்து நிமிஷத்துல சரியாகியிருக்காது சார்," என்று அவர் சொன்னது வெளியே கேட்டது.

விளக்கம் கேட்டு ஓலை கொடுத்தார்கள். அவர் அதை ஆய்வகக் கதவில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஆய்வகத்து வெள்ளைப் பலகையில், அன்றன்று வந்த பிழைச் செய்தியை அவரே பெரிய எழுத்தில் எழுதிவைத்து, கீழே "தெரிஞ்சவங்க சொல்லலாம்" என்று குறிப்பும் போட்டார். மாணவர்கள் வந்து பார்த்து எழுதினார்கள். சில நாள் பதில் வரும். சில நாள் வெறும் கேலி வரும். அதையும் அவர் அழிக்கவில்லை. டப்பாவின் மூடியை மட்டும் கடைசிவரை அரைகுறையாகத்தான் திறந்தார்.

கல்வியாண்டு முடிந்தபோது அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நான் அலுவலகத்தில் காரணம் கேட்டேன். "ஒண்ணுமில்ல சார், நடைமுறைதான்" என்றார்கள். கல்லூரிக்கே ஓர் உள்ளங்கை இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. அதை எடுக்கச் சொல்லி நாங்கள் யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. அவருக்குத் தேநீரும் பஜ்ஜியும் கொடுத்து வழியனுப்பினோம். ஆண்டு மலரில் 'செய்முறைத் தேர்வுகள் சிறப்பாக நடைபெற்றன' என்று எழுதினேன். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்கிறார்கள். ஆயிஷா சென்னையில் வேலையில் சேர்ந்துவிட்டாள். இது உறுதியாகத் தெரியும்.

இதை எழுதி முடித்து முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். தேர்வு தை மாதம் என்று மேலே எழுதியிருக்கிறேன். தையில் எங்கள் பக்கம் பதநீர் ஏது? பனம்பாளை வெடித்துச் சீவ ஆரம்பிக்கவே மாசி ஆகிவிடும். வாசலில் சைக்கிளில் வந்து விற்கும் அளவுக்கு இறங்கியிருந்ததென்றால் அது பங்குனி. அப்படியானால் தேர்வும் பங்குனியில்தான் நடந்திருக்க வேண்டும். தேதி விஷயத்தில் எல்லோரும் என்னிடம் வந்துதான் கேட்பார்கள்.

முன்பு என்றால் ஓசைப்படாமல் மேலே போய் ஒரு சொல்லை மாற்றிவிட்டு வந்திருப்பேன். தை என்பது அங்கேயே இருக்கட்டும். தப்பு என்னுடையது. கையை எடுத்துவிட்டேன்.